கவுண்டன் என்ற பெயரும் கல்வராயன் மலையின் ஜாகீர்களும்

கல்வராயன் மலையைப் பற்றிய பிரிட்டிஷ் காலத்து மாவட்டக் கையேடுகளில் ஐந்து ஜாகீர்களின், அதாவது வரி வசூல் உரிமையோடு கொடுக்கப்பட்ட நிலப்பகுதிகளின், பெயர்கள் வருகின்றன. சேலம் மாவட்டத்தில் இருந்த இரண்டுக்கும் மலையின் பெயரையே வைத்திருந்தார்கள்: சின்னக் கல்ராயன், பெரிய கல்ராயன். அன்றைய தென்னாற்காட்டில், கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்த மூன்றும் மனிதர்களின் பெயரால் அறியப்பட்டன: சடையக்கவுண்டன் ஜாகீர், குறும்பக்கவுண்டன் ஜாகீர், அரியக்கவுண்டன் ஜாகீர். ஜாகீர்தார்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள், ஆங்கிலேயர் போய் குடியரசு வந்தது, 1976 வரை அந்தப் பெயர்கள் நின்றன. அந்த ஆண்டில்தான் ஜாகீர்களின் அதிகாரம் முடிந்து மலை முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. ஒரு மனிதரின் பெயர் அவருக்குப் பின் வந்த எல்லோருக்கும் சேர்ந்து போவதைத்தான் உலகம் குடும்பப்பெயர் என்கிறது. அப்படியானால் இந்த மூன்று பெயர்களும் குடும்பப்பெயர்களா? அவற்றில் பொதுவாக இருக்கும் ‘கவுண்டன்’ என்ற பகுதி ஒரு ரத்த உறவைக் காட்டுகிறதா? இல்லை என்பது என் வாதம். ஒரு பதவிக்கும் அதை ஒட்டிய மரியாதைக்கும் உரிய சொல் அது. அதைக் குலத்தின் அடையாளமாக வாசிக்கும் பழக்கம் எழுத்தர்களாலும் அலுவலகங்களாலும் வளர்ந்தது. அந்த வாசிப்பின் விளைவை மலைமக்கள் இன்றும் சாதிச் சான்றிதழ் வாங்கும் இடத்தில் சந்திக்கிறார்கள்.

முதலில் பெயரின் அடுக்குகளைப் பார்க்கலாம். சடையன் என்பது சிவன் கோயில் உள்ள எந்த ஊரிலும் கேட்கக்கூடிய தமிழ்ப் பெயர். கவுண்டன் என்பதன் உறவுச் சொற்கள் கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில், ராஷ்டிரகூடர் காலம் தொட்டு, ஊர்த் தலைவரைக் குறிக்கும் ‘காவுண்ட’ என்ற வடிவில் ஏராளமாக வருகின்றன. இன்றைய கவுடாவும் அதன் வழி வந்ததுதான். ஜாகீர் பாரசீகச் சொல். இந்த மலைகளைக் கிருஷ்ணதேவராயர் கொடுத்தார் என்பது ஜாகீர்தார் குடும்பங்களின் மரபுக் கதை. அவர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அந்தக் கொடை உண்மையாகவே இருந்தாலும், அதற்கு ஜாகீர் என்று விஜயநகரத்தார் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அது முகலாயர் வழியாகவும் நவாபுகள் வழியாகவும் தெற்கே வந்த வருவாய்த்துறைச் சொல். ஆக ‘சடையக்கவுண்டன் ஜாகீர்’ என்ற ஒரு தொடருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு காலத்து அதிகாரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு குடும்பம் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் இப்படி இருக்காது. அவரவர் ஆட்சியில் வரி வசூலித்தவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய பெயர் இப்படித்தான் இருக்கும்.

கவுண்டன் என்ற பட்டத்தை யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அது குலப்பெயர் என்ற எண்ணம் இன்னும் தளரும். கொங்கு வேளாளர், வேட்டுவர், ஊராளிகள், அனுப்பர், குறும்பர், சேலம் தருமபுரி வட்டாரத்து வன்னியர், அப்புறம் மலையாளி என்று பழங்குடிப் பட்டியலில் எழுதப்படும் மலைமக்கள் என எல்லோரிடமும் இந்தப் பட்டம் உண்டு. இவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. குலதெய்வங்களும் தோற்றக் கதைகளும் வேறு வேறு. 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை, தீர்த்தகிரிக் கவுண்டர். பொள்ளாச்சியில் பேருந்துத் தொழிலில் பெயர் பெற்ற நாச்சிமுத்துக் கவுண்டர், தொழிலதிபர் நா. மகாலிங்கத்தின் தந்தை. இவர்கள் இருவரையும் அரியக்கவுண்டனோடு இணைக்கும் ஒரு நூலிழை உறவுகூட யாரும் காட்டியதில்லை. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது தங்கள் வட்டாரத்தில் தலைக்கட்டு நிலையும் அதற்கு ஊர் கொடுத்த மரியாதையும்தான். மலைக்குள் இது இன்னும் தெளிவு. அங்கே ஊர்க்கவுண்டர் என்பவர் ஊரின் வழக்குகளைத் தீர்ப்பவர், திருவிழாவுக்கு நாள் குறிப்பவர். அது ஒரு பொறுப்பின் பெயர். அதே சமயம் அந்த ஊரில் உள்ள எல்லா ஆண்களும் கவுண்டர்கள்தான். ஒரே சொல் பதவியாகவும் எல்லோருக்குமான மரியாதையாகவும் ஒரே ஊரில் புழங்குகிறது. ஸ்பெயினில் ஒரு காலத்தில் பிரபுக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த ‘டான்’ கடைசியில் அஞ்சல் உறையில் எவருக்கும் எழுதும் சொல்லானது. நம் நாட்டில் முதலியும் பிள்ளையும் அதே பாதையில் வந்தவை. மரியாதைச் சொற்கள் எப்போதும் மேலிருந்து கீழே பரவும். பரவப் பரவ அவை யாரையும் தனித்துக் காட்டும் ஆற்றலை இழக்கும்.

ஸ்பானியக் குடும்பப்பெயர்களோடு ஒப்பிட்டால் இந்த இழப்பு நன்றாகத் தெரியும். ஸ்பெயினில் மிகப் பரவலான பெயர் கார்சியா. நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அதுதான் முதல் குடும்பப்பெயர். அங்கே ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள் இருக்கும். வழக்கமாக முதலாவது தந்தை வழி, அடுத்தது தாய் வழி. 1936இல் கொல்லப்பட்ட கவிஞர் ஃபெடரிகோ கார்சியா லோர்காவை உலகம் லோர்கா என்கிறது. அது அவர் தாய் விசெண்டா லோர்காவின் பெயர். 1982இல் நோபல் பரிசு பெற்ற கொலம்பிய எழுத்தாளரைத் தமிழ்ச் சிற்றிதழ்கள் மார்க்வெஸ் என்றே எழுதிப் பழகிவிட்டன. அதுவும் தாய் வழிப் பெயரே. அவர் தந்தையும் ஒரு கார்சியாதான். ஓவியர் பிக்காஸோவின் தந்தைக்கு ருயிஸ் என்று பெயர், பிக்காஸோ என்பது தாய் வழி வந்தது. 2004 முதல் 2011 வரை ஸ்பெயினின் பிரதமராக இருந்த ரோட்ரிகஸ் சபாத்தேரோவை எல்லோரும் சபாத்தேரோ என்றே அழைத்தார்கள். கார்சியா, ருயிஸ், ரோட்ரிகஸ் ஆகியவை மிகப் பொதுவாகிப் போனதால் ஆளைச் சுட்ட உதவவில்லை. எனவே அரிதான பகுதி முன்னுக்கு வந்தது. கல்வராயன் மலையிலும் நடந்தது இதுதான். கவுண்டன் என்பது ஆளைச் சுட்டாது. சடைய, குறும்ப, அரிய என்ற முன்பகுதிதான் எந்த எல்லை, எந்த வரி என்பதைச் சொன்னது.

ஆனால் ஒப்புமை இதோடு நின்றுவிடுகிறது, நிற்கும் இடம்தான் முக்கியம். கார்சியா எல்லாக் குழந்தைகளுக்கும் போகும், மகளுக்கும் போகும். அவள் வழியாக இன்னொரு தலைமுறைக்கு இரண்டாம் பெயராகவும் இறங்கும். ஸ்பெயினில் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட குடிமைப் பதிவேடு இந்த முறைக்கு நிலையான வடிவம் கொடுத்தது. ‘சடையக்கவுண்டன்’ என்ற முழுப்பெயரோ ஜாகீரோடு ஒட்டியது, ஜாகீர் ஒருவர் கைக்குத்தான் போகும். ‘கவுண்டன்’ என்ற பாதிப் பெயர் எல்லா ஆண்களுக்கும் உண்டு, அதனால் அதற்கு எந்தச் சொத்தும் ஒட்டவில்லை. குடும்பப்பெயருக்கு வேண்டிய இரண்டு குணங்கள், அதாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் போவதும் ஒரு குடும்பத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதும், இங்கே ஒரே பெயரில் சேரவே இல்லை. இதன் விளைவு வெறும் இலக்கணச் செய்தி இல்லை. ஜாகீர் காலத்தில் மலையில் வரி வாங்கியவரும் கவுண்டன், வரி கொடுத்தவரும் கவுண்டன். வெளியிலிருந்து பார்க்கும் வருவாய் அதிகாரிக்கு அது ஒரே குலத்துக்குள் நடக்கும் குடும்ப விவகாரம் போலத் தோன்றியிருக்கும். பெயரின் ஒற்றுமை அவர்களுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வை மூடி வைத்தது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இலேயே வந்துவிட்டது. மலையின் ஜாகீர்கள் அதன் பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ‘அவர்கள் ஆட்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நினைப்பும் அவற்றில் ஒன்றாக இருந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

பெயரை வைத்து உறவைக் கணிப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு ஸ்பானியப் பேரரசே சாட்சி. பிலிப்பைன்ஸின் ஆளுநர் கிளாவேரியா 1849 நவம்பரில் ஓர் ஆணை போட்டார். குடும்பப்பெயர் இல்லாத மக்களுக்கு அகர வரிசையில் அச்சிட்ட ஒரு பட்டியலிலிருந்து பெயர் கொடுக்க வேண்டும் என்றது அது. வரியும் கட்டாய வேலையும் யாரிடம் வாங்குவது என்று கணக்கு வைக்க அரசுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. பட்டியலின் பக்கங்கள் ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்பட்டதால், சில ஊர்களில் குடும்பப்பெயர்கள் எல்லாமே ஒரே எழுத்தில் தொடங்கின. அந்த ஊரார் ஒருவருக்கொருவர் ரத்த உறவினர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காகிதம் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த வரிசை மட்டுமே அதில் பதிவாகியிருக்கிறது.

தமிழகத்துக்கும் ஒரு ஸ்பானியப் பெயர் வந்து வேரூன்றியிருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் நவார் நாட்டுக்காரர். தந்தையின் பெயர் ஹுவான் தே ஹஸ்ஸோ. சேவியர் என்பது தாய் வழி வந்த கோட்டையின் பெயர். கோட்டையின் பெயர் அங்கே மனிதரின் பெயராகியது. கல்வராயனில் மனிதரின் பெயர் ஜாகீரின் பெயராகியது. தமிழ் மண்ணில் சேவியர் என்ற பெயர் சவேரியார் என்றும் சவரிமுத்து என்றும் ஞானஸ்நானப் பெயராகி, எறையூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களைக் கொண்ட கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கும் வந்து சேர்ந்தது. ஊர்காவற்றுறையில் பிறந்து உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்ட சேவியர் தனிநாயகம் அடிகளுக்கு நவார் கோட்டையோடு உறவு உண்டு என்று எவரும் நினைப்பதில்லை. அந்தப் பெயர் விஷயத்தில் நமக்கு வரும் தெளிவு, கவுண்டன் என்ற பெயர் விஷயத்தில் ஏனோ வருவதில்லை.

பட்டம் எப்போது உண்மையான குடும்பப்பெயர் ஆகிறது என்று கேட்டால், அதற்குக் கடல் கடந்த தமிழர்களிடம் விடை இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஆட்கள் போனார்கள். சென்னை வழியாகப் போனவர்களில் வடஆற்காடு, தென்னாற்காடு மாவட்டத்தார் பெருமளவு. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காட்டில் இருந்தது. கப்பல் பதிவேட்டில் எழுதப்பட்ட பட்டங்கள் அடுத்த தலைமுறைகளில் குடும்பப்பெயர்களாக உறைந்தன. நாயுடு, பிள்ளை, முதலியின் திரிபான மூட்லி, கவுண்டன் எல்லாம் அப்படி நின்றவைதான். டர்பனைத் தலைமையிடமாகக் கொண்டு 1992இல் அக்கார்ட் என்ற சமாதான அமைப்பைத் தொடங்கிய வாசு கவுண்டனின் பெயரில் அது முழுமையான குடும்பப்பெயர். தென்னாப்பிரிக்காவில் மகளுக்கும் பேத்திக்கும் அது போகும், எழுதும் முறையும் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் அதே சொல் எதிர்த் திசையில் போனது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. படிப்படியாகப் பொது வாழ்வில் இருந்தவர்களின் பெயர்களிலிருந்து அவை உதிர்ந்தன. பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் நின்றது. ஒரே வட்டாரத்துச் சொல் டர்பனில் குடும்பப்பெயராகி, சென்னையில் வெட்கப்பட வேண்டிய வாலாகி, கல்வராயனில் வாய்ச்சொல்லாகத் தொடர்ந்தது. சொல்லுக்குள்ளேயே ரத்தம் ஓடியிருந்தால் இப்படி மூன்று விதமாக அது போயிருக்காது. எந்த அலுவலகம் எதற்காக எழுதியது என்பதே ஒவ்வோர் இடத்திலும் அதன் தலைவிதியைத் தீர்மானித்தது.

இதற்கு வலுவான மறுப்பு மலைமக்களிடமிருந்தே வரும். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் எங்கும் பரவியுள்ள கதை ஒன்று உண்டு. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள், தாங்கள் வேளாளர், காராளர் என்கிறது அது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். மலையில் தமிழே பேசுகிறார்கள், உழவே தொழில். எனவே கவுண்டன் என்பது அவர்கள் கொண்டு வந்த வேளாளப் பட்டம்தானே என்று கேட்கலாம். இடப்பெயர்வு நடந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. சமவெளியில் ஆட்சிகள் மோதியபோது மக்கள் மலையேறியது தமிழகத்தில் புதிதல்ல. ஆனால் கதையைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். காஞ்சி இருப்பது தொண்டை மண்டலத்தில், அங்கே வேளாளருக்கு உரிய பட்டம் முதலி. காஞ்சியிலிருந்து பட்டத்தோடு வந்தவர்கள் என்றால் மலையில் முதலிகள்தான் இருந்திருக்க வேண்டும். கவுண்டன் என்பது மலையைச் சுற்றி மேற்கிலும் வடக்கிலும் புழங்கிய தலைமைச் சொல். ஆகவே மக்கள் எங்கிருந்து வந்திருந்தாலும் பட்டம் அவர்களோடு வரவில்லை, வந்த இடத்தில் கிடைத்தது என்று கொள்வதே பொருத்தம். சகோதரர் கதையும் ஒரு வேலையைச் செய்கிறது. தனித்தனி மலைகளில் வாழும் கூட்டங்களுக்குள் யார் மூத்தவர், யார் இளையவர் என்ற வரிசையை அது நிறுவுகிறது. வம்சாவளியாகப் படித்தால் தடுமாற வைக்கும் அந்தக் கதை, மலைகளுக்கு இடையிலான உறவின் வரைபடமாகப் படித்தால் பொருள் தருகிறது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. தொடக்கத்தில் எப்படி இருந்தால் என்ன, இன்று மலையாளக் கவுண்டர் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்களே, பெயர் குலப்பெயராக மாறிவிட்டதே என்பது அது. இதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பயன்பாடு சொல்லை மாற்றும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் அந்தத் தொடரில் அடையாள வேலையைச் செய்வது ‘மலையாள’ என்ற பகுதி. அதற்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்பவர் என்று மலைமக்கள் விளக்கம் சொல்வார்கள். கவுண்டர் என்பது சமவெளிக்காரர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க உதவும் மரியாதை. சுயமரியாதை இயக்கம் பட்டத்தை விடச் சொன்னது, பட்டத்தால் பிறரை மிதித்தவர்களை மனத்தில் வைத்து. சந்தைக்கு இறங்கினால் ஒருமையில் அழைக்கப்படும் மலைவாசிக்கு அதே பட்டம் தற்காப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகப் படவில்லை.

அந்தத் தற்காப்புக்கு அவர்கள் கொடுக்கும் விலை சான்றிதழில் இருக்கிறது. தமிழகத்தின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் மலையாளிகள்தான், 2011 கணக்கெடுப்பில் சுமார் 3.58 லட்சம் பேர். பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஆறு மாவட்டங்கள் எழுதப்பட்டுள்ளன. பழைய கோயம்புத்தூர் அதில் இல்லை. அதிலிருந்து 1979இல் பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் இதே மக்கள் அதனால் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். கவுண்டர் என்றால் கொங்கு வேளாளர் என்று பழகிப்போன வட்டாரம் அது. அங்கே மலைக்கவுண்டர் ஒருவர் தன்னைப் பழங்குடி என்று சொன்னால் கேட்பவருக்கு முதலில் பட்டமே நெருடும். கல்வராயனில் சட்டம் அவர்கள் பக்கம் இருப்பதால் சிக்கல் அந்த அளவு இல்லை, ஆனால் வெளி மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்கு அதே நெருடல் காத்திருக்கும்.

யார் பழங்குடி என்பதற்கு 1965இல் லோகூர் குழு வகுத்த அளவுகோல்கள் தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரிடம் கூச்சம், பின்தங்கிய நிலை ஆகியவை. முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், என்ன பட்டம் வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. காஞ்சிக் கதையைக் காட்டி மலையாளிகளின் பழங்குடித் தகுதியை ஐயுறுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அளவுகோல்களிலேயே குறை உண்டு. ‘கூச்சம்’ என்பது கேட்கும் அதிகாரியின் தோரணையைப் பொறுத்தது. ஆனாலும் பட்டத்தை அளவுகோலாக்காமல் விட்டதில் அந்தக் குழு சரியாகவே நடந்துகொண்டது. மகாராஷ்டிரத்தில் தாக்கூர் பழங்குடியினருக்கு வந்த சிக்கல் இதே வகை. தாக்கூர் என்ற பெயர் உயர்சாதியினரிடமும் இருப்பதால் பழங்குடித் தாக்கூர்களின் சான்றிதழ்கள் ஐயத்துக்கு ஆளாகின. சடங்குகளையும் பழக்கங்களையும் கேட்டுப் பொருத்தம் பார்க்கும் சோதனை மட்டுமே முடிவானது ஆகாது, பழைய ஆவணங்களுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலை வட்டம் வந்தது. 2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தபோது, ஜாகீர் காலத்து வரலாறும் கூடவே பேசப்பட்டது. அந்த வரலாற்றை எழுதப் போகிறவர்கள் சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், அரியக்கவுண்டன் என்ற மூன்று பெயர்களை மூன்று குலங்களாக எடுத்துக்கொண்டு வம்சாவளி தேட வேண்டியதில்லை. அவற்றை மூன்று வரி எல்லைகளாக எடுத்துக்கொண்டு, எந்தெந்த ஊர் எந்த எல்லைக்குள் இருந்தது, அந்த ஊர்களின் ஊர்க்கவுண்டர்கள் யார், ஜாகீர் போன பிறகு நிலம் யார் பெயரில் பட்டாவானது என்று தேடினால் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் பதில் கிடைக்கும்.